அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஸ்டேடியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளும், பின்னாலேயே அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் இருப்பது மிச்சிகன் ஊர். ஆகவே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நம்ம ஃபுட்பால்தானா?

இல்லை. நம்மூர் கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, எறிவது, எதிரில் வருபவனை மோதிச் சாய்ப்பது. பக்கத்துக்கு 11 பேர். நான்கு வாய்ப்புக்குள் பந்தை 10 கெஜம் முன்னே நகர்த்தினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன், 6 புள்ளி. முதல் மேட்சுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். (நம்மூர் குவார்ட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கணக்குக்கு 60 நிமிடம்தான், ஆனால் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் வீடு திரும்ப மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

காலேஜ் பசங்க ஆடுறதைப் பார்க்க நிஜமாவே ஒரு லட்சம் பேர் வராங்களா?

வருகிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை கொண்ட கல்லூரி ஸ்டேடியங்கள் இந்த நாட்டில் எட்டு. எங்கள் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 இடம். 'பெரிய வீடு' என்பது அதன் செல்லப்பெயர். எண்ணிக்கையில் அதற்கு அடுத்தது பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியம். அதற்கடுத்து ஒஹாயோ ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம், லூசியானா ஸ்டேட், டென்னசி, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், கடைசியாக 1,00,077 இருக்கையோடு அலபாமா. சேப்பாக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் என்று அப்பாக்களிடம் சொன்னால்தான் தலையாட்டுவார்கள்.

1975 நவம்பர் 8-க்குப் பிறகு மிச்சிகனில் ரசிகர்களை உள்ளே விட்ட எந்த மேட்சிலும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதில்லை. கொரோனா ஆண்டான 2020-இல் மட்டும் பெஞ்சுகள் காலி. 2013 செப்டம்பர் 7 இரவு நோட்டர் டேமுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,15,109 பேர். 'இன்று அமெரிக்காவில் ஃபுட்பால் பார்க்கும் மிகப் பெரிய கூட்டத்தில் இருக்கிறீர்கள், நன்றி' என்று ஒலிபெருக்கியில் சொல்வது இங்கே வழக்கம். நூறு முறை கேட்டவர்களும் அதற்குக் கைதட்டுவார்கள்.

ரோட்டுலேர்ந்து பார்த்தா அவ்வளவு பெரிசா தெரியலையே?

என் அப்பாவும் முதல்முறை வந்தபோது காருக்குள் இருந்தே "இதுவாடா?" என்றார். காரணம், ஸ்டேடியத்தின் முக்கால்வாசி பூமிக்குள் இருக்கிறது. பள்ளத்தைத் தோண்டி, சரிவில் படிப்படியாக பெஞ்ச் போட்டுக் கட்டியது. வாசலில் நுழைந்து நாலடி நடந்தால் திடீரென்று காலுக்குக் கீழே ஒரு மலைச்சரிவு இறங்குகிற மாதிரி இருக்கும். அங்கே நின்ற அப்பா அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

1927-இல் இதைக் கட்டவைத்தவர் ஃபீல்டிங் யோஸ்ட். அப்போது 72,000 இருக்கைதான், ஆனால் பிற்காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டி விரிக்கலாம் என்று அஸ்திவாரத்தை அப்போதே பலமாகப் போட்டுவிட்டார். இருக்கை எண்ணிக்கை ஏன் எப்போதும் ஒன்றில் முடிகிறது என்று கேட்பீர்கள். அந்த ஒன்று, இங்கே கோச்சாகவும் விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்த ஃப்ரிட்ஸ் கிரைஸ்லருக்கு. எந்த இருக்கை என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் வேடிக்கை.

தனித்தனி நாற்காலியை எதிர்பார்க்காதீர்கள். நீளமான அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருக்கும், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடம்தான் உங்கள் சொத்து. நவம்பரில் ஆளாளுக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட் என்று போட்டு வந்தால் பத்துப் பேர் இடத்தில் எட்டுப் பேர்தான் அடங்குவார்கள். மிச்ச இரண்டு பேர் பக்கவாட்டாக உட்காருவார்கள்.

பெரிய நகரத்தை விட்டுட்டு இவ்வளவு சின்ன ஊர்ல ஏன் கட்டினாங்க?

ஆன் ஆர்பரின் மக்கள்தொகையே 1.2 லட்சம் சொச்சம்தான். மேட்ச் நாளில் ஊர் இரண்டு மடங்காகிவிடும். பென் ஸ்டேட் இருக்கும் ஊர் இதைவிடச் சின்னது.

காரணம் பழையது. கல்லூரி ஃபுட்பால்தான் மூத்த பிள்ளை. ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6-இல். காசுக்கு ஆடும் என்.எஃப்.எல். பிறந்தது 1920-இல். அது பெரிய நகரங்களில் கால் ஊன்றுவதற்குள், மாநிலத்துக்கு ஒரு பல்கலைக்கழகம், அதற்கொரு டீம், அந்த டீம்தான் மாநிலத்தின் மானம் என்று ஆகிவிட்டது. நெப்ராஸ்காவில் இன்றுவரை என்.எஃப்.எல். டீம் கிடையாது. அங்கே 1962 முதல் ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் டிக்கெட் தீர்ந்துபோகிறது. விவசாயி, வக்கீல், கடைக்காரர் என்று அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்கூட சனிக்கிழமை சிவப்புச் சட்டை மாட்டிவிடுவார்கள்.

'பவுல்', 'பவுல்'னு சொல்றாங்களே, அது என்ன?

கிண்ணம்தான். யேல் பல்கலைக்கழகம் 1914-இல் நாலாபுறமும் சுற்றி மூடிய, கிண்ணம் மாதிரியான ஸ்டேடியம் கட்டி 'யேல் பவுல்' என்று பெயர் வைத்தது. அதைப் பார்த்து பசடேனாவில் 1922-இல் ரோஸ் பவுல் வந்தது. ரோஸ் பவுலில் நடந்த புத்தாண்டு ஆட்டத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ள, பிறகு சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம் எல்லாமே 'பவுல்' ஆகிவிட்டது, கிண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஸ்டேடியம் ஆட்டத்தையே மாற்றிய கதை ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1905 வாக்கில் இந்த ஆட்டம் மகா முரடாக இருந்தது. அந்த ஒரு சீசனில் மட்டும் பல பேர் உயிரைவிட, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கூப்பிட்டு எச்சரித்தார். மைதானத்தை அகலமாக்கினால் கும்பலாக மோதுவது குறையும் என்று ஒரு யோசனை எழுந்தது. ஆனால் ஹார்வர்டு 1903-இல்தான் புத்தம்புது கான்கிரீட் ஸ்டேடியம் கட்டி முடித்திருந்தது. அகலப்படுத்த வேண்டுமென்றால் அதை இடிக்க வேண்டும். அந்த யோசனை படுத்துவிட்டது. அதற்குப் பதில் 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இன்று டிவியில் 50 கெஜம் பறக்கிற பந்தைப் பார்த்து வாய்பிளக்கிறோமே, அதில் அந்தக் கான்கிரீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

மேட்ச் மத்தியானம்தானே, ஏன் காலையிலயே கிளம்பணும்?

டெயில்கேட்டுக்காக. பிக்கப் வண்டியின் பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுதான் மேசை. பக்கத்தில் ஒரு கரி அடுப்பு, மடக்கு நாற்காலி, பனிக்கட்டி போட்ட பெட்டி. ஆன் ஆர்பரில் கோல்ஃப் மைதானமே அன்றைக்குக் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கிற வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையிலேயே காரை நிறுத்தவிட்டுக் காசு பார்ப்பார்கள்.

எங்கள் மாணவர் கூட்டம் முதல்முறை போனபோது எங்களிடம் அடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தூக்கில் தயிர்சாதம், ஒரு டப்பா உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். பக்கத்து வண்டியில் வயதான தம்பதி, நாற்பது வருஷமாக அதே இடத்தில் நிறுத்துகிறவர்களாம். அவர் சுட்ட சாசேஜைக் கொண்டுவந்து நீட்டினார், நாங்கள் வறுவலை நீட்டினோம். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டுவிட்டு, "இது என்ன உருளைக்கிழங்கு, மறுபடி எப்போது கொண்டுவருவீர்கள்?" என்று கேட்டார். அந்த சீசன் முழுக்க எங்களுக்கு அங்கே இடம் இருந்தது.

டெயில்கேட்டுக்கே பேர்போன ஊர் மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே மரத்தோப்பு ஒன்றில் கூடாரம் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலர் சரவிளக்குகூட மாட்டுவார்கள். ஆண்கள் டை கட்டி வருவார்கள். கல்யாண வீடு தோற்றுவிடும்.

பேண்டுக்கு ஏன் இத்தனை மவுசு?

ஒஹாயோ ஸ்டேட்டைப் பாருங்கள், புரியும். (எதிரி டீம்தான், ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.) குதிரை லாட வடிவில் 1922-இல் திறந்த ஸ்டேடியம். அதனால் அதற்கு 'லாடம்' என்றே பெயர். பேண்ட் முழுக்கப் பித்தளைக் கருவிகளும் முரசுகளும்தான். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து, ஆங்கிலக் கூட்டெழுத்தில் 'ஒஹாயோ' என்று மைதானத்தில் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் 'ஐ' எழுத்துக்குத் தலையில் புள்ளி இல்லாமல் இருக்கும். அப்போது சூசாஃபோன் என்கிற, உடம்பைச் சுற்றி மாட்டும் பெரிய பித்தளைக் குழலோடு ஒரு பையனோ பெண்ணோ, முழங்காலை மார்பு வரை தூக்கித் தூக்கி நடந்துபோய் அந்தப் புள்ளியில் நின்று, தொப்பியைக் கழற்றி ஸ்டேடியத்தின் இரு பக்கமும் குனிந்து கும்பிடு போடுவார். ஒரு லட்சம் பேரும் கத்துவது அந்தப் புள்ளிக்குத்தான். நான்கைந்து வருஷம் பேண்டில் உழைத்த சூசாஃபோன்காரர்களுக்கே அந்த வாய்ப்பு. வெளியாட்களில் அந்த மரியாதை கிடைத்தவர்கள் மிகச் சிலர். நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பும் விண்வெளி வீரர் ஜான் கிளென்னும் அவர்களில் உண்டு.

இது 1936-இல் தொடங்கியது. ஆனால் 1932-இலேயே மிச்சிகன் பேண்ட் அங்கே போய் இதே சொல்லை எழுதிக் காட்டியது என்பதை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டோம். புள்ளி வைத்தது அவர்கள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

டெக்சாஸ்ல மாணவர்கள் உட்காரவே மாட்டாங்களாமே?

ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஆட்டம் முடியும்வரை மாணவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். 1922 ஜனவரி 2-இல் டல்லஸில் செண்டர் காலேஜோடு ஒரு மேட்ச். ஏ அண்ட் எம் பையன்கள் வரிசையாக அடிபட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கிங் கில் என்ற மாணவர் மேலே பத்திரிகைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஆட்டக்காரர் யார் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். கோச் கூப்பிட்டனுப்பினார். கீழே ஓடிவந்து, அடிபட்ட ஒருவரோடு உடையை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. கில் கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை. ஆனால் நின்றாரே, அதுதான். 11 பேருக்கு அடுத்த 12-ஆவது ஆள் நாங்கள், கூப்பிட்டால் வருவோம் என்று இன்றைக்கும் முப்பதாயிரம் பேர் நிற்பதாக அர்த்தம்.

'12-ஆவது ஆள்' என்ற சொல்லையே 1990-இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டார்கள். சியாட்டில் என்.எஃப்.எல். டீம் அதைப் பயன்படுத்தியதற்கு வழக்கும் போட்டார்கள். மேட்சுக்கு முந்தைய நள்ளிரவில் ஸ்டேடியத்தில் கூடிக் கத்திப் பழகுவதும் உண்டு. டீம் புள்ளி எடுத்தால் கூட வந்த ஜோடிக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்பதும் அங்கே சம்பிரதாயம். பெற்றோருடன் போகிறவர்கள் அந்த நேரம் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்லைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஓடுறாங்களே, அது எந்த ஊர்?

தென் கரோலினாவில் கிளெம்சன். கல்லுக்குக் கோயில் பெருமை இருக்கிறதே தவிர ஸ்தலபுராணம் ரொம்பச் சாதாரணம். கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்திலிருந்து நண்பர் ஒருவர் எடுத்துவந்து கோச் ஃப்ராங்க் ஹோவர்டுக்குக் கொடுத்த கல் அது. அவர்கள் ஸ்டேடியத்துக்கும் 'மரணப் பள்ளத்தாக்கு' என்பதுதான் பட்டப்பெயர். ஹோவர்டு அதைத் தன் அலுவலகக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். ஒருநாள் அறையைச் சுத்தம் செய்யும்போது, இதை எங்காவது தூக்கிப் போடுங்கள் என்றார். தூக்கிப் போடாமல் மைதானத்துக்கு இறங்கும் மேட்டின் உச்சியில் பீடம் கட்டி வைத்துவிட்டார்கள். 1966-இல் அப்படி வைத்த அன்றைக்கே வர்ஜீனியாவிடம் பின்தங்கியிருந்த டீம் 40-35 என்று ஜெயித்தது. முழு உழைப்பையும் போடாதவன் இந்தக் கல்லைத் தொடக் கூடாது என்று மறுவருஷம் கோச் சொல்ல, தொடாமல் இறங்குகிறவனே இல்லை என்றாகிவிட்டது.

படகுல வர்ற கூட்டம்?

டென்னசி. நாக்ஸ்வில்லில் நேலண்டு ஸ்டேடியம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1962-இல் ஜார்ஜ் மூனி என்ற வானொலி வர்ணனையாளர், டிராஃபிக்கில் மாட்டாமல் இருக்கத் தன் சின்னப் படகில் வந்து கரையில் கட்டினார். இப்போது படகோடு படகைச் சேர்த்துக் கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிக் கரை ஏறும் அளவுக்கு வருகிறார்கள். டிராஃபிக் மட்டும் குறையவில்லை.

சத்தத்துல பூகம்பம் வந்துச்சுன்னு சொல்றது கட்டுக்கதையா?

பூகம்பம் வரவில்லை, ஆனால் பூகம்பமானியின் முள் அசைந்தது நிஜம். 1988 அக்டோபர் 8, லூசியானா ஸ்டேட்டின் டைகர் ஸ்டேடியம், இரவு ஆட்டம். ஆபர்ன் 6-0 என்று முன்னிலை. இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை, நான்காவது வாய்ப்பு. டாமி ஹாட்சன் எறிந்ததை எட்டி ஃபுல்லர் பிடித்தார், 7-6. அடுத்த நாள் வளாகத்தின் புவியியல் துறையில் கருவியைப் பார்த்தால், அந்த நேரத்தில் பட்டையாக ஒரு கோடு.

இந்த ஸ்டேடியத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் பல பத்தாண்டுகள் மாணவர் விடுதி இருந்தது. 1930-களில் இருக்கை கட்டக் காசில்லை, விடுதி கட்டக் காசிருந்தது. ஆகவே விடுதியை ஸ்டேடியத்தைச் சுற்றிக் கட்டி, அதன் முதுகில் இருக்கையை ஏற்றிவிட்டார்கள். நம்மூர் ஆட்கள் யாராவது கூட இருந்திருப்பார்களோ என்று சந்தேகம் வருகிறது.

மிருகங்களையும் கூட்டிட்டு வராங்களே?

கொலராடோ 1967 முதல் உயிருள்ள காட்டெருமையை மைதானத்தில் ஓடவிடுகிறது. பெயர் ரால்ஃபி, எப்போதும் பெண்தான். ஜார்ஜியாவில் ஊகா என்ற புல்டாக் வம்சம், இறந்தவற்றை ஸ்டேடியத்துக்குள்ளேயே அடக்கம் செய்கிறார்கள். டெக்சாஸின் நீண்ட கொம்புக் காளை பீவோ 2019 புத்தாண்டு அன்று அந்த ஊகாவின் மேலேயே வேலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. படமெடுக்க இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கையசைக்கிறது எங்கே?

அயோவாவில். கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டினாற்போல் பல்கலைக்கழகக் குழந்தைகள் ஆஸ்பத்திரி 2017-இல் திறந்தது. மேல்மாடிக் கண்ணாடி வழியாக மைதானம் முழுக்கத் தெரியும். முதல் குவார்ட்டர் முடிந்ததும் எழுபதாயிரம் பேர், எதிரணி, நடுவர்கள் எல்லோரும் மேலே திரும்பிக் கையசைப்பார்கள். ரசிகர் ஒருவர் ஃபேஸ்புக்கில் சொன்ன யோசனை, அந்த வருஷமே பற்றிக்கொண்டது. இதே அயோவாதான் எதிரணி உடை மாற்றும் அறைக்கு, கழிவறை உட்பட, இளஞ்சிவப்பு அடித்து வைத்திருக்கிறது.

ஆடுற பசங்களுக்கு இதுல காசு உண்டா?

நெடுங்காலம் கிடையாது. படிப்புச் செலவு மட்டும்தான், அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். அதே நேரத்தில் பல மாநிலங்களில் அரசுச் சம்பளத்திலேயே அதிகம் வாங்குபவர் ஃபுட்பால் கோச்சாக இருந்தார். எனக்கு இது அந்தக் காலத்திலேயே உறுத்தும். 2021-இல் விளம்பரத்தில் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்க அனுமதித்தார்கள். 2025 முதல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல். பழைய அழகு போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. அந்த அழகுக்கு முழங்காலைக் கொடுத்தவர்கள் புலம்பி நான் கேட்டதில்லை.

எந்தக் கலர் சட்டை போடணும்? பை கொண்டுபோகலாமா?

பெரும்பாலான ஸ்டேடியங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான், சில இடங்களில் அதுவும் கிடையாது. அந்தந்தக் கல்லூரி இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அம்மாக்களின் கைப்பை காரில் இருக்கட்டும். நிறம் விஷயத்தில் அசட்டை வேண்டாம். பென் ஸ்டேட்டில் 'வெள்ளை இரவு' ஒன்று உண்டு, அன்று ஒரு லட்சம் பேரும் வெள்ளை. ஆன் ஆர்பரில் மக்காச்சோள மஞ்சளும் நீலமும். சிவப்பை மட்டும் தவிருங்கள், அது ஒஹாயோ. மிச்சிகன் மேட்ச் வாரத்தில் கொலம்பஸ் வளாகப் பலகைகளில் 'எம்' எழுத்து எங்கிருந்தாலும் அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டிப் பெருக்கல் குறி போடுகிறவர்கள் அவர்கள். எங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள்.

ஆட்டம் முடிஞ்ச உடனே கிளம்பிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். எப்படியும் அரை மணி நேரத்துக்குக் கார் நகராது. ஆபர்னில் ஜெயித்தால் கூட்டம் தெருமுனை ஓக் மரங்களுக்குப் போய் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளையாக்கிவிடும். (எதிரி டீம் ரசிகர் ஒருவர் 2010-இல் அந்தப் பழைய மரங்களுக்கே விஷம் வைத்தார். 2013-இல் வெட்ட வேண்டியதாயிற்று, பிறகு புதிது நட்டார்கள்.) ஒஹாயோ ஸ்டேட்டில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டக்காரர்கள் பேண்ட் முன்னால் தோள்மேல் கைபோட்டு நின்று கல்லூரிப் பாட்டைப் பாடுவார்கள்.

ஒன்றே ஒன்று பார்க்கக் கிடைத்தால் டிசம்பரில் நடக்கும் ராணுவம்–கடற்படை ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். 1890-இல் தொடங்கிய போட்டி. இரண்டு அகாடமி மாணவர்களும் சீருடையில் அணிவகுத்து வந்து எதிரெதிரே உட்கார்ந்து, மூன்று மணி நேரம் ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். முடிந்ததும் இரண்டு டீமும் சேர்ந்தே, முதலில் தோற்றவர்களின் மாணவர்கள் இருக்கும் பக்கம் நடந்துபோகும். அவர்கள் கல்லூரிப் பாட்டு முடியும்வரை ஜெயித்தவர்களும் அசையாமல் நிற்பார்கள். பிறகு இரண்டு டீமும் சேர்ந்து எதிர்ப்பக்கம் போய் ஜெயித்தவர்கள் பாட்டுக்கு நிற்கும். இரு அகாடமிகளிலும் வருஷம் முழுக்க எதிரணியை ஜெயிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. "ரெண்டாவதாகப் பாடணும்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.